ஒரு 'ன்னு'வை வெட்டினா போதும், பேட்டி வாக்குமூலம் ஆயிடும்

கூடலூர் பக்கம் இருந்து ஒரு சகோதரி நோட்டுப் பேப்பர்ல எட்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்காங்க. பேர், ஊர் எதுவும் இங்க போடல, ஆளை அடையாளம் காட்டிடும்னு தோணின ரெண்டு மூணு விஷயத்தையும் எடுத்துட்டேன். சுருக்கம் இதுதான்.

அவங்க குடும்பம் சிலோன்ல இருந்து தாயகம் திரும்பினவங்க. முதல்ல டான்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்துல வேலை, லைன் வீடு, அப்புறம் கொஞ்சம் தள்ளி 40 சென்ட் இடத்துல ஒரு ஷீட் வீடு, மீதி இடத்துல பச்சத்தேயிலை. 38 வீடு இருக்கற ஊரு, எல்லாமே செக்சன் 17 நிலம், அதாவது உரிமை யாருக்குன்னு இன்னும் முடிவாகாத நிலம். போன மாசம் காலைல தண்ணி புடிக்கப் போன ஒரு பெரியவரை யானை அடிச்சு அங்கயே இறந்துட்டார். மதியமே ஒரு டிவி சேனல் வண்டி வந்து இவங்க கிட்ட மைக்கை நீட்டியிருக்காங்க. ஆறு நிமிஷம் பேசியிருக்காங்க, அதை இவங்க தம்பி பக்கத்துல நின்னு போன்ல எடுத்திருக்கார். ராத்திரி நியூஸ்ல வந்தது ஒம்பது செகண்ட். கீழ சிவப்புப் பட்டையில "யானை வழித்தடத்தை ஆக்கிரமித்த கிராமம்", பின்னணிக் குரல்ல "உச்ச நீதிமன்ற உத்தரவையும் மீறி". மறுநாள் ஒரு நாளிதழ், இவங்களை ஒரு வார்த்தை கேக்காம, இவங்க போட்டோவோட அதே சேதியைப் போட்டுடுச்சு. எட்டாவது படிக்கற பொண்ணை ஸ்கூல்ல "ஆக்கிரமிப்பு வீட்டுப் பொண்ணு"ன்னு கூப்பிடறாங்களாம், ரெண்டு நாளா பொண்ணு ஸ்கூலுக்குப் போகல.

இவங்க கேக்கறது: பிரஸ் கவுன்சில்ல எழுதி அந்த சேனலை மூட வைக்கலாமா, ஊரே சேந்து 10 லட்சம் மானநஷ்ட கேஸ் போடலாமா, ஸ்டேஷன்ல புகாரை வாங்கலையே அது ஏன், இனிமே டிவி பேப்பரே வேண்டாம் யூடியூப் மட்டும் பாப்போம்னு ஊர்க் கூட்டத்துல முடிவு பண்ணியிருக்கோம் அது சரிதானே.

அன்பு சகோதரி, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். தம்பி எடுத்த வீடியோவையும் டிவில வந்த துண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாத்தேன். நீங்க சொன்னது, "யானை வர்ற வழியிலதான் எங்க வீடு இருக்குன்னு சொல்றாங்க சார், ஆனா நாங்க இத்தனை வருஷத்துல பாத்தது அப்படி இல்ல, பக்கத்து எஸ்டேட்ல சோலார் வேலி போட்ட பிறகுதான் இந்தப் பக்கம் திரும்புது." டிவில வந்தது, "யானை வர்ற வழியிலதான் எங்க வீடு இருக்கு." அவ்வளவுதான். 'இருக்குன்னு'ல அந்த 'ன்னு'வை வெட்டியிருக்காங்க. நம்ம பேச்சுல அந்த 'ன்னு'தானே இது என் வார்த்தை இல்ல, அடுத்தவங்க சொல்றதுன்னு காட்டுது, அதை எடுத்துட்டா நீங்க மறுக்கறதுக்காக எடுத்துச் சொன்ன குற்றச்சாட்டு நீங்களே குடுத்த வாக்குமூலமா ஆயிடுது. இத்தனை வருஷம் கோர்ட்ல எத்தனையோ சாட்சி குறுக்கு விசாரணை பாத்துட்டேன், இவ்வளவு சின்ன வெட்டுல இவ்வளவு பெரிய மாத்தம் பண்ணி நான் பாத்ததில்ல. உங்களுக்கு கோபம் வர்றதுல தப்பே இல்ல, எனக்கே வந்துச்சு.

ஆனா ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். ஒரு பக்கமா செய்தி போடறது, அது மட்டுமே, சட்டப்படி குற்றம் இல்ல. சட்டம் பிடிக்கறது தப்பான தகவலை, வெட்டி ஒட்டின பேட்டியை, விசாரிக்காம போட்டதை. அதனால நீங்க எழுதி வச்சிருக்கற புகார்ல "விலை போன ஊடகம்", "பொய்ப் பிரச்சாரம்"ங்கற வரியெல்லாம் எடுத்துடுங்க, அதுக்கு அவங்க வக்கீல் ஒரே வரில பதில் சொல்லிடுவார். எது தப்புன்னு காட்ட முடியுமோ அதை மட்டும் வைங்க, உங்க கிட்ட அப்படி மூணு இருக்கு.

முதலாவது அந்த வெட்டு. அதுக்கு ஆதாரம் தம்பி போன்ல இருக்கு.

ரெண்டாவது "உச்ச நீதிமன்ற உத்தரவையும் மீறி". 2020 அக்டோபர் 14ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு சீகூர் பீடபூமி யானை வழித்தடத்தைப் பத்தினது, அதாவது மசினகுடி பக்கம், ரிசார்ட்டுங்க விவகாரம், 2010ல தமிழ்நாடு அரசு போட்ட ஆணையை ஒட்டி வந்த கேஸ். உங்க ஊர் அந்தப் பகுதியே இல்ல. 2024 ஏப்ரல் கடைசில வனத்துறை வெளியிட்ட 42 வழித்தடம் அறிக்கை வேற, அது வரைவு, அதுக்கு கூடலூர் பந்தலூர்ல எவ்வளவு எதிர்ப்பு வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். சேனல்காரங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பியிருக்காங்க, 'வரைவு'ங்கற வார்த்தையையும் முழுங்கிட்டாங்க. மூணுல இதுதான் உங்களுக்கு ரொம்ப பலமான பாயிண்ட், ஏன்னா இது கருத்து இல்ல, தீர்ப்பைத் தொறந்து வச்சு சரியா தப்பான்னு பாத்துடலாம்.

மூணாவது அந்த வார்த்தை, ஆக்கிரமிப்பு. இங்கதான் நீங்களும் கொஞ்சம் நிதானிக்கணும். "எங்க நிலம், எங்களுக்கு முழு உரிமை"ன்னு எழுதியிருக்கீங்க, பட்டா இல்லன்னும் அடுத்த பக்கத்துல எழுதியிருக்கீங்க. கூடலூர் நிலத்தோட கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, வெளியூர்ல இருந்து படிக்கறவங்களுக்காக சொல்றேன். இதெல்லாம் நிலம்பூர் கோவிலகம்ங்கற கேரள அரச குடும்பத்தோட ஜென்ம நிலமா, அதாவது பரம்பரை நிலமா இருந்தது, 1969ல ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்துச்சு, அதுல 17வது பிரிவுல குத்தகை நிலங்களைப் பத்தி சொன்னதுதான் இன்னைக்கு வரைக்கும் முடியாம இழுக்குது. 2007 ஜனவரில சுப்ரீம் கோர்ட்ல ஒம்பது ஜட்ஜ் உக்காந்து, கோர்ட் கை வைக்கக் கூடாதுன்னு அரசியலமைப்போட ஒம்பதாவது அட்டவணைல போட்ட சட்டத்தையும் கோர்ட் சோதிக்கலாம்னு சொன்ன கொயல்ஹோ கேஸ், இந்தியா முழுக்க லா காலேஜ்ல படிக்கற கேஸ், அது இந்தக் கூடலூர் மண்ணுல இருந்து போனதுதான். காட்டு வழக்குக்கெல்லாம் தாய் வழக்கா இருக்கற கோதவர்மன் கேஸ், 1995ல போட்டது, அதுவும் இந்தக் காட்டைப் பத்தி ஆரம்பிச்சதுதான். இத்தனை பெரிய சட்டச் சிக்கலுக்கு நடுவுல இருக்கற 38 வீட்டை ஒரே வார்த்தைல ஆக்கிரமிப்புன்னு முடிக்கறது தப்பு. ஆனா அதே மாதிரி "முழு உரிமை"ங்கறதும் இன்னும் முடிவாகாத விஷயம். உங்க கடிதத்துல "உரிமை முடிவு செய்யப்படாத செக்சன் 17 நிலம், எங்களுக்கு ஆக்கிரமிப்புன்னு இதுவரை எந்த நோட்டீசும் வரல"ன்னு எழுதுங்க. நோட்டீஸ் நிஜமாவே வரலன்னா மட்டும். ஊர்ல யாருக்காவது வந்து பெட்டியில கெடக்கான்னு 38 வீட்டுலயும் கேட்டுட்டு எழுதுங்க, ஏன்னா நீங்க ஒரு தப்பு பண்ணினாலும் அதைப் பிடிச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் தள்ளிடுவாங்க.

இது திட்டமிட்ட பிரச்சாரமா?

"எங்களைக் கெளப்பறதுக்கு மேல இருந்து பணம் குடுத்து போட வச்சது"ன்னு எழுதியிருக்கீங்க. அப்படி நடக்கறதே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். காசு வாங்கிட்டு செய்தி போடறதைப் பத்தி பிரஸ் கவுன்சிலே 2010ல விசாரிச்சு அறிக்கை எழுதியிருக்கு. அரசியல் கட்சி கையில சேனல் இருக்கக் கூடாது, பெரிய கம்பெனிங்களுக்கும் கட்டுப்பாடு வேணும்னு டிராய்ங்கற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014ல சிபாரிசு பண்ணுச்சு, தமிழ்நாட்டுல எந்த சேனல் எந்தக் கட்சிப் பக்கம்னு சின்னப் பசங்களுக்குக்கூட தெரியும். விளம்பரம் குடுக்கறவனைப் பகைச்சுக்க முடியாத பேப்பரும் நெறைய இருக்கு. ஆனா உங்க கேஸ்ல நான் பாத்த வரைக்கும் காசு குடுத்ததுக்கு ஒரு துளி ஆதாரம் இல்ல.

எனக்குத் தெரிஞ்சு இங்க பெரும்பாலும் நடக்கறது வேற. மலையில வேலை பாக்கற நிருபர் பலபேர் பகுதி நேரம், அனுப்பற செய்திக்கு இவ்வளவுன்னு காசு. யானை அடிச்சுதுன்னா அவருக்கு உடனே கிடைக்கற ஆள் யாரு, அதிகாரி, அதிகாரி அனுப்பற வாட்ஸ்அப் குறிப்பு. அதை சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்புவார், அங்க ஏசி ரூம்ல உக்காந்திருக்கறவங்க தலைப்பு போடுவாங்க, அவங்கள்ல பலபேர் நாடுகாணியைத் தாண்டி ஒரு தடவைகூட வந்திருக்க மாட்டாங்க. அந்த செய்தியில எத்தனை குரல்னு நான் எண்ணிப் பாத்தேன். ஒரு அதிகாரி, ஒரு வன உயிரின ஆர்வலர், பேர் சொல்லாத "வட்டாரங்கள்", அப்புறம் நீங்க ஒம்பது செகண்ட். இறந்தவரோட வீட்டு ஆளுங்க கிட்ட ஒரு கேள்விகூட கேக்கல, அந்த வீட்டுப் பையன் அழறதை மட்டும் கிட்டப் போய் காட்டினாங்க. யாரைக் கேக்கறோம், யாரைக் கேக்காம விடறோம்ங்கறதுலயே சாய்வு வந்துடுது, அதுக்கு யாரும் காசு குடுக்க வேண்டியதில்ல. எனக்கு இதுதான் பெரிய கவலை. காசு வாங்கினவனை ஒரு நாள் பிடிச்சுடலாம், பழக்கத்துல போறதை பிடிக்கவே முடியாது.

டிவிக்கு ஒரு வழி, பேப்பருக்கு ஒரு வழி

பிரஸ் கவுன்சில் 1978 சட்டப்படி பத்திரிகைக்கும் நியூஸ் ஏஜென்சிக்கும் மட்டும்தான். டிவியைத் தொட முடியாது. பேப்பரையும் மூட முடியாது, அபராதம்கூட கிடையாது, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். இருந்தாலும் போங்க. முதல்ல ஆசிரியருக்கு ரிஜிஸ்டர் தபால்ல உங்க மறுப்பை அனுப்பி வெளியிடச் சொல்லுங்க, பதில் சொல்ற உரிமையும் போடறதுக்கு முன்னாடி விசாரிக்கற கடமையும் கவுன்சிலோட நடத்தை நெறியிலயே இருக்கு. போடலன்னா கவுன்சிலுக்கு. நாளிதழ்னா செய்தி வந்து 2 மாசத்துக்குள்ள போகணும், உங்களுக்கு அதுல பாதி போயிடுச்சு. கோர்ட்ல கேஸ் நடக்கற விஷயத்தை அவங்க எடுக்க மாட்டாங்க, அதனால எதை முதல்ல செய்யறோம்ங்கறது முக்கியம்.

சேனலுக்கு, 2021ல திருத்தின கேபிள் டிவி விதிகள்படி முதல்ல சேனலோட குறைதீர்ப்பு அதிகாரிக்கே எழுதணும். 24 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு சொல்லணும், 15 நாள்ல முடிவு சொல்லணும். திருப்தி இல்லன்னா அடுத்த 15 நாள்ல அவங்க சேந்திருக்கற சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு, அதுக்கும் மேல மத்திய அரசு. பெரிய நியூஸ் சேனல் பல என்பிடிஎஸ்ஏங்கற சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குக் கட்டுப்பட்டவை, அங்க ஒளிபரப்பான 7 நாளுக்குள்ள சேனலுக்கு எழுதணும்னு கெடு, உங்களுக்கு அது தாண்டிடுச்சு. சாவு வீடு, ஊர்ல ஈமெயில் தெரிஞ்ச ஆள் இல்ல, இதையெல்லாம் காரணமா எழுதி அனுப்புங்க, ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம். அங்க அதிகபட்ச அபராதமே 1 லட்சம்தான், அது போதாதுன்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லுச்சு. ஆனா திருத்தத்தை டிவில ஒளிபரப்பச் சொல்லி, இணையத்துல இருக்கற வீடியோவை எடுக்கச் சொல்ல அவங்களால முடியும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. அந்தப் பையன் முகத்தைக் காட்டினதையும் தனி பாயிண்டா சேருங்க, அவங்க அம்மா சம்மதிச்சா மட்டும்.

இன்னொண்ணு, சேனல் தான் ஒளிபரப்பினதை 90 நாள் பதிவா வச்சிருக்கணும். உங்க முதல் கடிதத்துலயே "அந்தத் தேதி, அந்த நேரத்துப் பதிவையும் எடிட் பண்ணாத பேட்டியையும் அழிக்காம வைங்க"ன்னு கேட்டு எழுதுங்க.

சேனலை மூடறதைப் பத்தி ஒரு வார்த்தை. உங்க ஊர்ல பாதி வீட்டுல மலையாள சேனல் ஓடும், மீடியா ஒன் கதை தெரிஞ்சிருக்கும். 2022 ஜனவரில லைசென்சைப் புதுப்பிக்க மாட்டோம்னு மத்திய அரசு சொல்லி, 2023 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் போய்தான் அந்தத் தடை ஒடஞ்சுது. சேனலை மூடற அதிகாரம் யார் கையில இருக்கோ அவங்க உங்களுக்காக அதை எடுக்க மாட்டாங்க, உங்க பக்கம் பேசற ஒருத்தன் மேலதான் முதல்ல எடுப்பாங்க. அதனால அந்தக் கோரிக்கையை விட்டுடுங்கன்னு கேட்டுக்கறேன்.

மானநஷ்ட கேஸ்

ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடாததுல தப்பு இல்ல. அவதூறு இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 356வது பிரிவு, அது போலீஸ் நேரா எஃப்ஐஆர் போடற குற்றம் இல்ல, பாதிக்கப்பட்டவங்க மாஜிஸ்திரேட் கிட்ட தனிப் புகாரா குடுக்கணும்.

ஊரே சேந்து போடலாமான்னா, கஷ்டம். 1971ல சேலத்துல திராவிடர் கழகத்தோட மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டுத் தீர்மானத்தை பேப்பர்காரங்க திரிச்சுப் போட்டாங்கன்னு வரவேற்புக் குழுத் தலைவர் அவதூறு கேஸ் போட்டார், 1972ல சுப்ரீம் கோர்ட்ல அது நிக்கல, மாநாடுன்னா இன்னார் இன்னார்னு திட்டமா அடையாளம் காட்டற கூட்டம் இல்லன்னுட்டாங்க. 38 வீடு சின்னக் கூட்டம்தான், வாதாடலாம், ஆனா உங்க முகமும் உங்க குரலும் வந்திருக்கு, கேஸ் போடறதுன்னா நீங்க ஒருத்தர் போடறதுதான் பலம். சிவில்ல நஷ்ட ஈடு கேக்க 1 வருஷம் டைம் இருக்கு. 10 லட்சம் கேட்டா 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ், 30,000 ரூபா, அப்புறம் வருஷக்கணக்கா நடக்கணும். எதிர்த்தரப்பு முதல்ல கேக்கறது உங்க நிலத்து பேப்பரைத்தான், ஆக்கிரமிப்புன்னு சொன்னது உண்மைதான்னு காட்டறதுதான் அவங்களுக்கு டிஃபன்ஸ். முடிவாகாத நிலப் பிரச்சினையை நீங்களே வேற ஒரு கோர்ட்ல இழுத்து விட்ட மாதிரி ஆயிடும். நான் உங்க இடத்துல இருந்தா இப்ப கேஸ் போட மாட்டேன், மறுப்பும் திருத்தமும் வாங்கப் பாப்பேன், ஒரு வருஷக் கெடுவை மட்டும் காலண்டர்ல குறிச்சு வச்சுப்பேன்.

தம்பி போட்ட ரீல்

இதைப் படிச்சதும் உங்க தம்பி கிட்ட சொல்லி அந்த ரீலை எடுக்கச் சொல்லுங்க, ப்ளீஸ். நிருபரோட போட்டோ, போன் நம்பர், "காசு வாங்கிட்டு போட்டான்"னு பாட்டு வேற. ஆதாரம் இல்லாம ஒருத்தரை லஞ்சம் வாங்கினவர்னு ஊரறிய சொல்றது நீங்க புகார் சொல்ற அதே அவதூறுதான், சட்டத்துல சேனலுக்கு ஒரு நியாயம் தம்பிக்கு ஒரு நியாயம்னு இல்ல. அந்த நிருபருக்கு ராத்திரி பூரா போன்ல திட்டு வருதாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவரும் பக்கத்து ஊர்க்காரர்தானே, அந்தத் தலைப்பை அவர் போட்டிருக்கவே மாட்டார்னுதான் நான் நெனைக்கறேன். நேர்ல போய் பேசிப் பாருங்க, முழுப் பேட்டியையும் அனுப்பினேன்னு அவர் எழுதிக் குடுத்தா அதைவிட பெரிய சாட்சி உங்களுக்கு வேற இல்ல.

யூடியூப் மட்டும் பாக்கறதுங்கற முடிவையும் மறுபடி யோசிங்க. உங்க பக்கம் பேசறதால ஒருத்தர் உண்மை பேசறார்னு ஆயிடாது. நீங்களே லிங்க் அனுப்பின சேனல்ல "கூடலூரில் யானை வெறியாட்டம்"னு ஓடின வீடியோவுல ரோட்டோர போர்டு ஒடியா எழுத்துல இருக்கு, நிறுத்திப் பாருங்க. யார் சொன்னது, நேர்ல பாத்தாரா, எதிர்த்தரப்பைக் கேட்டாரா, எந்த தேதி வீடியோ, இந்த நாலு கேள்வியை டிவிக்கும் கேளுங்க, வாட்ஸ்அப்புக்கும் கேளுங்க.

கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரச விவகாரம் 2001 மார்ச்ல எப்படி வெளிய வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ஜனங்க கோஷம் மட்டும் போடல, பழைய சாமான் கடையில மூட்டை மூட்டையா கெடந்த பாதரசம் ஒட்டின உடஞ்ச கண்ணாடியைக் கையோட பிடிச்சுக் காட்டினாங்க, 7 டன்னுக்கு மேல இருந்துச்சு. அதை மறைச்சு செய்தி போட முடியல. நஷ்ட ஈட்டுக்கு தொழிலாளிங்க 591 பேர் 2016 வரைக்கும் போராட வேண்டியிருந்தது, ஆனா எடைபோட்ட கண்ணாடியை யாராலும் இல்லன்னு சொல்ல முடியல. உங்க கையில இருக்கற அந்தக் கண்ணாடி, தம்பி எடுத்த ஆறு நிமிஷம்.

ஆர்டிஐ போடலாமான்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி கேட்டிருந்தீங்க. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அன்னைக்கு பத்திரிகைக்கு குறிப்பு ஏதாவது குடுத்தீங்களா, குடுத்திருந்தா நகல் வேணும்னு வனக்கோட்ட அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலரைக் கேளுங்க, 30 நாள்ல பதில் வரணும். 'ஆக்கிரமிப்பு'ங்கற வார்த்தை அதிகாரி குறிப்புலயே இருந்துச்சா, டெஸ்க்ல சேத்ததான்னு அப்பதான் தெரியும். சர்வே நம்பரைப் போட்டு நில நிலவரத்தை மட்டும் இப்ப கேக்காதீங்க, அதை ஊர் முழுக்க பேசி, நிலத்து வழக்கைப் பாக்கற வக்கீலையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. எழுதறதுக்கு ஆள் இல்லன்னா ஊட்டியில இருக்கற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல போய் கேளுங்க, பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு.

பொண்ணை திங்கக்கிழமை நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஹெட்மாஸ்டரைப் பாத்து, சேனலுக்கு அனுப்பின கடிதத்தோட நகல் ஒண்ணைக் குடுத்து, கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க. நம்ம பக்கத்து டீச்சருங்களுக்கு செக்சன் 17ன்னா என்னன்னு விளக்க வேண்டியதில்ல, பாதி பேர் வீடும் அதுலதான் இருக்கு.

தம்பி அந்த போனை மாத்திட்டு புதுசு வாங்கப் போறதா எழுதியிருக்கீங்க. இப்ப வேண்டாம். வாட்ஸ்அப்ல எனக்கு வந்த காப்பி சுருங்கின காப்பி, எங்கயாவது சாட்சியமா வைக்கணும்னா எந்தக் கருவில எடுத்தோம்னு புது சாட்சியச் சட்டத்தோட 63வது பிரிவு சர்டிஃபிகேட்டோட ஒரிஜினலைக் காட்ட வேண்டியிருக்கும். அந்த வீடியோவை வெட்டாம, மேல எழுத்துப் போடாம அப்படியே ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்துட்டு, போனை சுவிட்ச் ஆஃப் பண்ணி உங்க பீரோல வைங்க.